சாமி கண்ணைக் குத்துமா?

தமிழ் வீடுகளில் பெரியவர்கள் குழந்தைகளிடம் சொல்லும் வார்த்தைகள் பல, அவற்றின் நேர்ப்பொருளில் சொல்லப்படுபவை அல்ல. சாப்பிட மறுக்கும் குழந்தையிடம், ‘பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போய்விடுவான்’ என்பார்கள். வெளியே புறப்படும் தகப்பனார், அழும் மகனிடம், ‘ஐந்தே நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்’ என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் திரும்புவார். நைவேத்யம் ஆவதற்கு முன்பே பட்சணத்தில் கை வைக்கும் பிள்ளையைப் பார்த்து, ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்பது பாட்டிமார்கள் பரம்பரையாகச் சொல்லிவரும் எச்சரிக்கை. குழந்தைகளும் நாலைந்து வயதுக்குள் இவற்றின் உட்கருத்தைத் தாமாகவே விளங்கிக்கொண்டு, சிரித்துவிட்டு ஓடிவிடுகின்றன.

சில குழந்தைகளுக்கு மட்டும் அந்தச் சூட்சுமம் பிடிபடுவதில்லை. சொன்ன சொல்லை, சொன்ன விதமாகவே அவை ஏற்றுக்கொள்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பிள்ளையைக் கும்பகோணத்தில் ஒரு குடும்பம் வளர்த்து ஆளாக்கியது. பேரன் பேத்தி எடுத்த பெரியோர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில அந்த வளர்ப்பில் இருக்கின்றன.

அந்தப் பையன் 2002ஆம் ஆண்டு பிறந்தவன். தகப்பனார் தபால் இலாகாவில் பணிபுரிந்தவர். தாயார் பள்ளி ஆசிரியை. தாத்தா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பாட்டிக்குச் சிவ பக்தி அதிகம். பெரிய புராணக் கதைகள் எல்லாம் கரதலப் பாடம். பேரன் பேசத் தொடங்கியதில் தாமதம் எதுவும் இல்லை. இரண்டு வயதிலேயே முழு வாக்கியமாகப் பேசினான். நான்கு வயதில் பிரபவ முதல் அட்சய வரையில் அறுபது வருஷங்களின் பெயரையும் வரிசை பிசகாமல் ஒப்பித்தான். வீட்டுக்கு வந்தவர்கள் வியந்து போனார்கள். தாத்தா பெருமையில் பூரித்தார்.

வியப்புக்கு இடையே சில கவலைகளும் முளைத்தன. பையன் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தெருவில் மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது, தனியே திண்ணையில் அமர்ந்து நாட்காட்டித் தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பான். மிக்ஸி ஓடினாலும், தவில் முழங்கினாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுவான். தினந்தோறும் செல்லும் வழியை விட்டு வேறு தெரு வழியாக அழைத்துச் சென்றால், நடுத்தெருவில் அமர்ந்துவிடுவான். ‘கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிரு’ என்று ஒருநாள் அத்தை சொன்னபோது, அவர் ஊருக்குப் புறப்படும் வரையில் உள்ளங்கையால் வாயைப் பொத்தியபடியே இருந்தான். வீட்டில் அனைவரும் சிரித்தார்கள். தாயாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஆறாவது வயதில் அவன் கோயிலுக்கு வர மறுத்தான். அதுவரையில் தெருக்கோடிச் சிவன் கோயிலுக்குப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு மகிழ்ச்சியுடன் சென்றுவந்தவன், திடீரென்று ஒருநாள் கொடிமரத்தருகே நின்று, இரு கைகளாலும் கண்களை மூடிக்கொண்டான். தூக்கிச் செல்ல முயன்றால் உதைத்தான்; அழுதான். காரணம் கேட்டால் பதில் இல்லை. மணியோசைக்குப் பயப்படுகிறான் என்று பெற்றோர் எண்ணினார்கள். காற்றுச் சேஷ்டை என்றார் ஒருவர். நாக தோஷம் என்றார் இன்னொருவர். தாத்தா ஜாதகத்தை எடுத்துக்கொண்டு மூன்று ஜோதிடர்களிடம் சென்றார். கும்பகோணத்தைச் சுற்றிப் பரிகாரத் தலங்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றுக்கும் குடும்பத்தோடு போனார்கள். அங்கெல்லாமும் பையன் கொடிமரத்தைத் தாண்டவில்லை.

மறு ஆண்டு, பள்ளி ஆசிரியை ஒருவரின் யோசனைப்படி, பெற்றோர் அவனைச் சென்னைக்கு அழைத்துச் சென்று மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். பல நாள் பரிசோதனைக்குப் பிறகு அவர் சொன்ன பெயர்தான் ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்.

இந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 1944ஆம் ஆண்டு, வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், தம்மிடம் வந்த சிறுவர்கள் நால்வரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் பெரிய மனிதர்களைப் போலப் பேசினார்கள். ஒரே விஷயத்தில் ஆழ்ந்த அறிவு பெற்றிருந்தார்கள். ஆனால் சக பிள்ளைகளோடு பழகும் வழி அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்கு ஓராண்டு முன்னர், 1943இல், அமெரிக்காவில் லியோ கன்னர் என்ற மருத்துவர் ஆட்டிசம் என்னும் நிலையை விவரித்திருந்தார். ஆஸ்பெர்கரின் கட்டுரை ஜெர்மன் மொழியில் இருந்தமையால் நெடுங்காலம் வெளியுலகின் பார்வைக்கு வரவில்லை. 1981இல் இங்கிலாந்தைச் சேர்ந்த லோர்னா விங் என்ற மனநல மருத்துவர் அதை எடுத்துக்காட்டி, ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் என்ற பெயரைப் பரவச் செய்தார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பெண் குழந்தையின் தாயார். 2013ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மருத்துவர்களின் கையேட்டில் இது தனிப் பெயராக இல்லை. ஆட்டிசம் என்ற பெரிய வட்டத்துக்குள் ஒரு பகுதியாகிவிட்டது. நாஜி ஆட்சியில் குறைபாடுள்ள குழந்தைகளைக் கொன்ற அமைப்போடு ஆஸ்பெர்கர் ஒத்துழைத்தார் என்பதை 2018இல் வரலாற்று ஆய்வு வெளிப்படுத்திய பிறகு, அந்தப் பெயரைச் சொல்லவே பலர் விரும்புவதில்லை. எனினும் முன்னரே அந்தப் பெயரைப் பெற்ற குடும்பங்கள் அதைத்தான் சொல்லி வருகின்றன.

பெயர் எதுவானாலும் பெற்றோருக்கு மருத்துவர் சொன்னது இதுதான். இது தொற்றுநோயும் அன்று, பைத்தியமும் அன்று. மூளையின் அமைப்பே பிறவியில் சற்று வேறு விதமாக இருக்கிறது. குணப்படுத்த மருந்து இல்லை. பயிற்சியாலும் பொறுமையாலும் பிள்ளை பெரிதும் முன்னேற முடியும்.

தாயார் கேட்ட முதல் கேள்வி, ‘இது என்னால் வந்ததா?’ என்பது. ஏனெனில் ஊரில் அவர் காதுபடவே அப்படிப் பேசியிருந்தார்கள். வேலைக்குப் போகும் பெண் பிள்ளையைக் கவனிக்கவில்லை என்றார்கள். கர்ப்ப காலத்தில் கிரகணம் பார்த்திருப்பாள் என்றார்கள். முற்பிறவிப் பாவம் என்றார்கள். அவர் உற்றார் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார்.

தாயின் மேல் பழி போடுவது ஊர் வழக்கம் மட்டும் அன்று. மேல்நாட்டில் படித்த அறிஞர்களே, 1950, 60களில், அன்பில்லாத தாயாரின் குளிர்ந்த மனமே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று எழுதினார்கள். ‘குளிர்சாதனப் பெட்டி அம்மா’ என்று அதற்கொரு பெயரும் சூட்டினார்கள். அந்தப் பழியைச் சுமந்த தாய்மார்கள் எத்தனையோ பேர். 1964ஆம் ஆண்டு, பெர்னார்டு ரிம்லாண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், இது வளர்ப்பினால் வருவதன்று, உடற்கூறு சார்ந்தது என்று ஆதாரங்களோடு ஒரு நூல் எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்குத் தகப்பனார். பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு என்பதைப் பின்னர் வந்த ஆராய்ச்சிகள் உறுதி செய்துவிட்டன. வினைக் கோட்பாட்டில் நம்பிக்கை உள்ளவர்கள் அதை நம்பலாம். ஆனால் அடுத்த வீட்டுப் பெண்ணின் முற்பிறவிக் கணக்கை எழுதும் அதிகாரத்தை எந்த சாஸ்திரமும் எவருக்கும் தரவில்லை.

கோயில் விவகாரத்தின் காரணமும் அப்போதுதான் வெளிப்பட்டது. ‘ஏன் வரமாட்டேன் என்கிறாய்?’ என்று கேட்டால் இத்தகைய பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியாது. ‘உள்ளே என்ன நடக்கும்? வரைந்து காட்டு’ என்று கேளுங்கள் என்றார் மருத்துவர். பையன் வரைந்தான். கருவறை வரைந்தான். அதன் முன்னால் ஒரு சிறுவனை வரைந்தான். அச்சிறுவனின் இரு கண்களிலும் சிவப்புப் பென்சிலால் அழுத்தித் தீட்டினான்.

வீடு திரும்பியபின் தாயார் பொறுமையாகக் கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாக வெளிவந்தது. பிள்ளையார் சதுர்த்தியன்று நைவேத்யத்துக்கு முன் ஒரு கொழுக்கட்டையை எடுத்துத் தின்றிருக்கிறான். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று பாட்டி சொல்லியிருக்கிறார். சில நாட்கள் கழித்து, இரவில் கண்ணப்ப நாயனார் கதையும் சொல்லியிருக்கிறார். காளத்தியில் சிவலிங்கத்தின் கண்ணில் குருதி வழிவதையும், கண்ணப்பர் அம்பினால் தம் கண்ணைத் தோண்டி அப்பியதையும் உருக்கமாகச் சொன்ன இடத்தில், குழந்தை தூங்கிவிட்டான் என்று எண்ணிக் கதையை நிறுத்திவிட்டார். அவன் தூங்கவில்லை. கோயிலில் இருக்கும் சாமிகள் எல்லோர் கையிலும் வேலோ சூலமோ இருப்பதையும் அவன் பார்த்திருந்தான். ஆறு வயது மனம் இந்த மூன்றையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அந்த முடிவில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை.

இதைக் கேட்ட பாட்டி அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை பேரனை எதிரில் அமர்த்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து கதையைச் சொன்னார். இறைவனின் இன்னொரு கண்ணிலும் குருதி வழிந்தது. கண்ணப்பர் அடையாளத்துக்காகத் தம் காலை அந்தக் கண்ணின் மேல் ஊன்றிக்கொண்டு, தமது மறு கண்ணிலும் அம்பை வைத்தார். அப்போது இறைவன் கை நீட்டி அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

“சாமி யார் கண்ணையும் குத்தமாட்டார். குத்தப்போன கையைப் பிடித்து நிறுத்தியவர் அவர்” என்றார் பாட்டி.

“நீங்கள் குத்துவார் என்று சொன்னீர்களே, பாட்டி?”

“சொன்னேன். அது பொய்.”

பையன் சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “வேறு எதெல்லாம் பொய்?”

எழுபது வயதை நெருங்கிய ஒரு மூதாட்டிக்கு இதைவிடக் கடினமான கேள்வி வேறு இருந்திருக்க முடியாது. அவர் கோபிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். இருவருமாக அமர்ந்து பட்டியல் எழுதினார்கள். பூச்சாண்டி, பொய். நெருப்பு சுடும், உண்மை. பொய் சொன்னால் சாப்பாடு கிடைக்காது, பொய். பழ விதையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும், பொய். குளத்தில் வழுக்கும், உண்மை. பட்டியல் மூன்று நாட்கள் நீண்டது. நான்காம் நாள் பையன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் சென்றான். நேராகப் பிராகாரத்தில் அறுபத்து மூவர் வரிசைக்குப் போய்க் கண்ணப்பரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் எதிரே நெடுநேரம் நின்றான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சே மாறிப்போயிற்று. ‘இதோ வந்துவிட்டேன்’ என்ற சொல் மறைந்தது. ‘ஆறே காலுக்கு வருவேன், தாமதமானால் தொலைபேசியில் சொல்வேன்’ என்று தகப்பனார் சொல்லிவிட்டுப் போவார், சொன்னபடி செய்வார். ‘நாளை பார்க்கலாம்’ என்று தட்டிக்கழிப்பது நின்றது. முடியாததை முடியாது என்றே சொன்னார்கள். மறுநாள் நடக்கப்போவதை முந்தைய இரவே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். முதலில் இது பையனுக்காகச் செய்த ஏற்பாடு. நாளடைவில், வாய்மை காப்பது எத்தனை கடினம் என்பது அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. திருநீறு பூசி, தினம் தேவாரம் ஓதி வந்த தாத்தா, ஒரு நாளைக்குத் தம் வாயிலிருந்து எத்தனை சின்னப் பொய்கள் வருகின்றன என்பதைத் தம் பேரன்தான் எண்ணிக் காட்டினான் என்று சொல்லிச் சிரிப்பார்.

கோயிலும் அந்தப் பிள்ளைக்கு ஏற்ற இடமாயிற்று. கூட்டமில்லாத காலை ஆறரை மணியைத் தேர்ந்துகொண்டார்கள். காதில் பஞ்சு வைத்தார்கள். தாயார் குருக்களிடம் முன்கூட்டியே விவரம் சொல்லிவைத்தார். அவரும் தீபாராதனைக்கு முன் பையனைப் பார்த்து, ‘தம்பி, மணி’ என்று ஒரு கை உயர்த்துவார். எதிர்பாராமல் வரும் ஓசைதான் அவனைத் துன்புறுத்தியது. எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் தாங்கிக்கொள்வான். முதலில் பிள்ளையார், பிறகு நந்தி, பிறகு சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர், மூன்று பிரதட்சிணம், கொடிமரத்தின் கீழ் நமஸ்காரம் என்று ஒழுங்கு மாறாமல் நடக்கும் வழிபாடு அவன் மனத்துக்கு இதமாக இருந்தது. அங்கே யாரும் அவன் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒழுங்கு குலைந்த நாட்களும் உண்டு. அவனுக்குப் பத்து வயதிருக்கும்போது, சன்னதித் தெருவில் ஒருவர் காலமானதால் நடை சாத்தியிருந்தார்கள். தாளில் எழுதியிருந்தபடி நடக்கவில்லை என்பதை அவனால் ஏற்க முடியவில்லை. வாசற்படியில் விழுந்து புரண்டான். தலையைத் தரையில் மோதினான். கூடியவர்களில் ஒரு பெரியவர், ‘நாலு அடி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்றார். தாயார் பதில் சொல்லவில்லை. தம் மேல் துண்டை மடித்து மகன் தலைக்கு அடியில் வைத்துவிட்டு, அவன் அருகே தரையில் அமர்ந்தார். தொடவில்லை, அதட்டவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. இருபது நிமிடம் கழிந்தது. புயல் ஓய்ந்தது. ‘இன்று துக்கம். நடை சாத்தியிருக்கிறது. நாளை ஆறரைக்குத் திறக்கும்’ என்று மூன்றே வாக்கியம் சொன்னார். பையன் எழுந்து வீட்டுக்கு நடந்தான். இத்தகைய வேளைகளில் பிள்ளை பிடிவாதம் பிடிப்பதில்லை. அவனுடைய மனத்தின் தாங்கும் எல்லை கடந்துவிடுகிறது. அடியும் அதட்டலும் அந்தச் சுமையைக் கூட்டுமே தவிரக் குறைக்கா.

நாட்காட்டியின் மேல் அவனுக்கிருந்த பற்றைப் பெற்றோர் தடுக்கவில்லை. படிப்புக்கு அதையே படியாக்கினார்கள். ஆனி மாதத்துக்கு 32 நாள் வரும்போது மார்கழிக்கு மட்டும் ஏன் 29 நாள் என்று கேட்டான். ஆனியில் பூமி சூரியனிலிருந்து மிக விலகி மெதுவாகச் செல்கிறது, மார்கழியில் மிக நெருங்கி விரைவாகச் செல்கிறது என்று தாத்தா விளக்கினார். அதிலிருந்து கணிதம் அவனுக்குச் சொந்தமாயிற்று. கும்பகோணம் நாகேசுவரன் கோயிலில் சித்திரை 11, 12, 13ஆம் நாட்களில் சூரிய கிரணம் மூலவர் மேல் விழும் என்பது ஊரறிந்த செய்தி. அதைக் காண வேண்டும் என்று கேட்டான். ஆனால் கூட்டம் அவனால் தாங்க முடியாதது. இரண்டு ஆண்டுகள் வாசல் வரையில் சென்று திரும்பினார்கள். மூன்றாம் ஆண்டு, உள்ளே சென்று எண்பது எண்ணும் வரையில் நின்றான். அந்த எண்ணிக்கையை அவனே முதல் நாள் தாளில் எழுதியிருந்தான்.

பள்ளிக்கூடப் பாடு எளிதாக இருக்கவில்லை. முதலில் சேர்த்த பள்ளியில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். தாயார் தம் வேலையை விட்டார். இரண்டாவது பள்ளியில் ஒரு தலைமையாசிரியை இடம் கொடுத்தார். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்றபோது ஆட்டிசமும் அதில் இடம்பெற்றது. பொதுத் தேர்வில் அவனுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. கணிதத்தில் பட்டம் பெற்று, இன்று ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பதிவுகளைச் சரிபார்க்கிறார். சம்பளம் அதிகமில்லை. வேலையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டும், மாற்றம் இருந்தால் ஒருநாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளைத் தகப்பனார் கேட்டுக்கொண்டார். ஆடிட்டர் இரண்டையும் காப்பாற்றி வருகிறார்.

2019ஆம் ஆண்டு பாட்டி காலமானார். ‘பாட்டி சாமியிடம் போயிருக்கிறார்’ என்று உறவினர் ஒருவர் சொல்ல வாயெடுத்தபோது தாயார் தடுத்தார். அப்படிச் சொன்னால் எப்போது திரும்புவார் என்று அவன் காத்திருப்பான். ‘பாட்டி இறந்துவிட்டார். திரும்பி வரமாட்டார்’ என்றே சொன்னார்கள். அவன் அழவில்லை. ‘கல் நெஞ்சக்காரன், மடியில் போட்டு வளர்த்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை’ என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். காரியங்கள் முடிந்த மறுநாள் அவன் ஒரு தாளைக் கொண்டுவந்து தகப்பனாரிடம் நீட்டினான். அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பாட்டியின் திதி எந்தெந்தத் தேதியில் வருகிறது என்று வரிசையாக எழுதியிருந்தது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் வேறுபாடு வரக்கூடிய இடங்களில் குறியும் போட்டிருந்தான். தாத்தா அந்தத் தாளை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். முணுமுணுத்தவர்கள் பிறகு பேசவில்லை.

மறு மாதம் இரவு உணவின்போது அவன் கேட்டான்: “அப்பா, பாட்டி இறந்ததைப்போல நீங்களும் அம்மாவும் இறப்பீர்கள். அதற்குப் பிறகு எனக்கு யார் இருப்பார்கள்?”

இத்தகைய பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவர் நெஞ்சிலும் இரவு பகலாக அறுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இது. ‘சாமி பார்த்துக்கொள்வார்’ என்பது பக்தியுள்ள வீடுகளில் எளிதாக வரும் விடை. அந்தத் தகப்பனாரின் நாவிலும் அது வந்திருக்கும். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் கொழுக்கட்டைக்காகச் சொன்ன ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டதைப் போலவே, இதையும் மகன் சொன்னபடியே வாங்கிக்கொள்வான். ‘எப்படிப் பார்த்துக்கொள்வார்? சாப்பாடு யார் சமைப்பார்?’ என்பான். தகப்பனார், ‘எனக்கு இன்று விடை தெரியவில்லை. ஓராண்டுக்குள் எழுதித் தருகிறேன்’ என்றார்.

அந்த ஓராண்டு பெற்றோர் ஓயவில்லை. மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை பெற்றார்கள். ஆட்டிசம் உள்ளோருக்காக 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்ன தருகிறது என்று விசாரித்தார்கள். அதன் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையில் உண்டு. பதினெட்டு வயது கடந்தபின் தம் காரியத்தைத் தாமே முடிவு செய்ய இயலாதவர்களுக்கு, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவின் மூலம் சட்டப்படிப் பாதுகாவலர் நியமிக்கவும் வழி உண்டு. மகன் தன் முடிவுகளைத் தானே எடுக்க வல்லவன் என்பதால் அவர்கள் அதை நாடவில்லை. மத்திய அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியம், வருமான வரம்பு முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு ஆயுள் வரையில் கிடைக்கும். அதற்கான விவரத்தையும் சான்றுகளையும் தகப்பனார் தாம் இருக்கும்போதே அலுவலகத்தில் பதிவு செய்தார். உயில் எழுதிப் பதிவு செய்தார். இளைய மகளை அழைத்து, அண்ணனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லாமல், மாதம் ஒருமுறை வந்து கணக்கு வழக்குகளைப் பார்ப்பாயா என்று மட்டும் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவள், இரண்டு வாரம் கழித்துச் சம்மதம் சொன்னாள். அந்த இரண்டு வார யோசனைக்காகவே அவள் வாக்கை நம்பலாம் என்றார் தாத்தா. தாயார் மகனுக்குச் சாதம், ரசம், இரண்டு வகைக் கறி சமைக்கக் கற்றுக்கொடுத்தார்.

சொன்ன கெடு முடிய ஒன்பது நாட்கள் இருக்கும்போது தகப்பனார் இரண்டு பக்கத் தாளை மகனிடம் தந்தார். வீடு யார் பெயரில், பணம் எந்தக் கணக்கில், உடம்புக்கு வந்தால் யாரை அழைப்பது, தங்கை எந்த நாளில் வருவாள், சமையல் முடியாவிட்டால் எங்கே சாப்பிடுவது என்று எல்லாம் அதில் இருந்தன. மகன் இருமுறை படித்தான். இரண்டாம் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணில் இலக்கம் ஒன்று விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினான். திருத்தி வாங்கிக்கொண்டு, அன்றிரவு வழக்கமான நேரத்துக்குத் தூங்கப் போனான். பெற்றோரும் பல ஆண்டுகளுக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மறுநாள் காலை தாயார் கோயிலில் நெடுநேரம் நின்றார். பிள்ளையை மாற்றிக் கொடு என்று அவர் வேண்டிக்கொள்வதை நிறுத்திப் பல காலம் ஆகியிருந்தது. எழுதிக் கொடுத்ததெல்லாம் எழுதியபடி நடக்க வேண்டும் என்பதே இப்போது அவருடைய பிரார்த்தனை. மனிதர் செய்யக்கூடியதை முழுதும் செய்துவிட்டு, மீதியை இறைவன் சன்னதியில் வைக்கும்போது, ‘சாமி பார்த்துக்கொள்வார்’ என்ற சொல்லும் அவருக்கு உண்மையாயிற்று.

ஆலயம் செல்லும் பெரியோர்கள் இத்தகைய குடும்பங்களுக்குச் செய்யக்கூடிய உதவிகள் மிக எளியவை. காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் பிள்ளையைக் கண்டால் உற்றுப் பார்க்க வேண்டா. கன்னத்தைக் கிள்ளிப் பெயர் கேட்க வேண்டா. பரிகாரம் சொல்ல வேண்டா. வரிசையில் நீண்ட நேரம் நிற்க அவர்களுக்குச் சிரமம் என்று தெரிந்தால், ஓரடி விலகி, ‘நீங்கள் முன்னே போங்கள் அம்மா’ என்று வழிவிடலாம். சொந்தப் பேரப் பிள்ளையே அப்படி அமைந்திருந்தால், அவனிடம் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் நிறைவேற்றக்கூடியதாகச் சொல்லலாம். மாலை ஐந்து மணிக்குக் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லியிருந்தால், நாலே முக்காலுக்கே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கலாம்.